புகை பார்க்கிற டின்

லோரன்ஸ் வேலை விட்டு வந்தால் நேரே வீட்டுக்குள் போகமாட்டான். பீலிக்குப் போவான். மலையிலிருந்து குழாய் வழியாக விழும் அந்தத் தண்ணீர் எந்த மாதத்திலும் பல்லைக் கிட்ட வைக்கும். ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் பெரிய அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டு வந்த உடம்பு உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருக்க, அதன்மேல் அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொள்வான். சவர்க்காரத்தைப் போட்டு மறுபடி மறுபடி தேய்ப்பான். வேலைச் சட்டையைக் கொய்யாக் கிளையில் தொங்கவிட்டு, வேறு சட்டை மாட்டிக்கொண்டுதான் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கால் வைப்பான். அப்படியும் மகள் ஜெனிட்டா கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தால், குனிந்து தலையைத் தடவிவிட்டு நகர்ந்துவிடுவான். தூக்கமாட்டான்.

அவள் முன்பெல்லாம் அப்பாவின் தோளைவிட்டு இறங்காத பிள்ளை. இப்போது நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். பிறகு அந்தக் கையாலேயே தூணைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள்.

றொசல்ல ஸ்டேசனில் இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து, தேயிலைக்கு நடுவே ஏறும் குறுக்குப் பாதையில் நடந்தால் அவர்களுடைய தோட்டம் வரும். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஸ்டோருதான். பனி இறங்கிய நாட்களில் ஸ்டோர் முழுவதும் மறைந்து, புகைபோக்கியின் நுனி மட்டும் வெள்ளைக்கு மேலே எங்கேயோ மிதக்கும். அதிலிருந்து கிளம்புவது எது, மலையிலிருந்து இறங்குவது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்டோருக்குக் கீழே, ஓடைப் பள்ளத்தில் கிடந்தது அவர்கள் குடியிருந்த பணிய லயம். பனி முதலில் அங்கேதான் வந்து படுக்கும். கடைசியாகத்தான் எழுந்து போகும். மூன்று வயது ஜெனிட்டா அதைப் பசுமாடு என்று நினைத்திருந்தாள். கதவைத் திறந்தால் பெரிய வெள்ளைப் பசு மெதுவாக உள்ளே வந்து, அடுப்பங்கரை வரைக்கும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறதாம்.

வெள்ளைக்காரன் காலத்து லயம் அது. ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் உண்டு. ஆனால் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே, தகரத்துக்குக் கீழே, லயம் முழுவதும் ஒரே வெளி. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் கடைசி வீட்டுக்காரர்களுக்கும் பசி எடுக்கும்.

ஜெனிட்டாவுக்கு இழுப்பு தொடங்கியது மழைக்காலத்தில். முதலில் சளி என்றார்கள். பிறகு நெஞ்சுக்குள் யாரோ ஊதாங்குழல் வைத்து ஊதுவது போலச் சத்தம் வந்தது. விடியப்போகிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். படுத்தால் மூச்சு வராது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த துரைராசா ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனிதர். நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக்கொடுத்தார். அங்கே பிள்ளையின் முகத்தில் மூடி வைத்து மருந்தை ஆவியாகக் கொடுத்தார்கள். மூச்சு திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் மறுபடி போனது. மறுபடி துண்டு, மறுபடி பஸ், மறுபடி ஆவி.

"பிள்ளையின்ர நெஞ்சுக்குப் புகை ஆகாது," என்றார் துரைராசா ஐயா. "எங்கயிருந்து வருதெண்டு பாருங்கோ. பார்த்து, அதிலயிருந்து பிள்ளையைத் தள்ளி வையுங்கோ."

எங்கிருந்து வருகிறது என்பதில் லோரன்ஸுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நாள் முழுவதும் அந்த அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன் அவன்தான். அவன் தள்ளுகிற விறகுதான் புகைபோக்கி வழியாக ஏறி, பனியோடு கலந்து, பள்ளத்தில் இறங்கி, தன் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது. மிச்சத்தைத் தன் உடம்பிலும் துணியிலும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருகிறான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பீலியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான், அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, மனைவி கேத்ரினிடம் பேச்சை எடுத்தான். உடப்புசல்லாவை டவுனில் அவளுடைய அண்ணன் வீடு இருக்கிறது. அண்ணி கேஸ் அடுப்பில் சமைக்கிறாள். பக்கத்தில் ஸ்டோரும் இல்லை. பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றான். பிள்ளை தாயில்லாமல் இருக்காது என்று அவள் சொன்னாள்.

"அப்ப நீயும் போ."

"நீங்க?"

"நான் எங்க போறது? வேலய விட்டா காம்பராவும் போயிரும். நான் லீவு கெடைக்கிறப்ப வந்து பாத்துக்கிறேன்."

கேத்ரின் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"பொகை ஸ்டோருல இருந்துதான் வருதுன்னு யாருங்க பாத்தது?"

"அத வேற பாக்கணுமா? தெரியுதுதானே."

"எனக்குத் தெரியல. நான் பாத்துச் சொல்றேன். அதுவரைக்கும் பொறுங்க."

பார்ப்பதாக அவள் சொன்னது வெறும் பேச்சில்லை. கல்யாணத்துக்கு முன் கேத்ரின் கட்டுநாயக்கவில் ஒரு கம்பனியில் வேலை செய்தவள். நெருப்புப் பிடித்தால் கூவுகிற அலாரம் செய்யும் கம்பனி. ஹோட்டல் கூரைகளில் ஒட்டியிருக்குமே, வட்டமான வெள்ளைப் பெட்டி, அதுதான். பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து, கம்பி நுனியில் ஈயத்தை உருக்கி ஒட்டுவது அவள் வேலை. அதற்குள் என்ன நடக்கிறது என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சிங்களப் பிள்ளை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். உள்ளே ஒரு இருட்டு அறை. ஒரு மூலையில் வெளிச்சம். இன்னொரு மூலையில், அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெளிச்சம் பட்டால் உணர்கிற ஒரு சின்னக் கண். சும்மா இருக்கும்போது கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. புகை நுழைந்தால் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி, கண் இருக்கிற பக்கமும் கொஞ்சம் வரும். கண் விழித்துக்கொள்ளும். கல்யாணமான புதிதில் இதை லோரன்ஸிடம் சொல்லி, நம்ம லயத்தில் ஒன்று மாட்டினால் அது வாயை மூடவே மூடாது என்று சிரித்திருந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து ஹட்டனுக்குப் போனாள். வடக்கில் சண்டை நின்றிருந்த வருசங்கள் அவை. வழியில் யாரும் இறக்கி அடையாள அட்டை கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த மேர்வின் லோரன்ஸுக்குத் தெரிந்தவன். இருட்டினால் தானே எரியும் ஒரு பழைய விளக்கிலிருந்து சின்னக் கண்ணைக் கழற்றிக் கொடுத்தான். சிவப்பாக எரியும் ஒரு பொட்டு லைட்டும் கொடுத்தான். பெரிய கெசட் ரேடியோ ஒன்று, இனி பாடாது என்று மூலையில் கிடந்தது. அதன் நெற்றியில் பாட்டுக்கு ஆடும் முள் ஒன்று இருந்தது. கேத்ரின் அதைக் காட்டினாள். பாட்டு இல்லாமல் அந்த முள்ளை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று மேர்வின் கேட்டான். புகைக்கு ஆட வைக்கப்போகிறேன் என்றாள். அவனுக்கு அது பிடித்துப் போனது. முள்ளோடு ஈயம் உருக்கும் ஒரு பழைய சூட்டுக்கோலையும் கடனாகக் கொடுத்தனுப்பினான்.

பெரிய பால்மா டின் ஒன்றை எடுத்து, குப்பி லாம்பின் சுடருக்கு மேலே பிடித்து, உட்புறம் முழுவதும் கரி படிய வைத்தாள். அதைவிடக் கறுப்பான நிறம் கடையில் கிடைக்காது. ஓரமாக ஓட்டை போட்டு லைட்டை வைத்தாள். கண்ணை வேறு பக்கம் பார்க்க வைத்து, அதன் கம்பிகளை வெளியே முள்ளோடு சேர்த்து ஒட்டினாள். காற்று நுழைய அடியில் ஒரு வழி, வெளியேற மேலே ஒரு வழி. ஈயம் உருகும் வாசம் வந்ததும் பக்கத்துக் காம்பராவிலிருந்து சண்முகவடிவு எட்டிப் பார்த்தாள்.

சண்முகவடிவு புருசன் இல்லாதவள். மலையில் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டு, விடியுமுன் ரொட்டியும் வடையும் சுட்டு, பஸ் நிற்கும் முச்சந்தியில் விற்றுப் பிழைத்தாள். ஒரே மகள் ஹட்டனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். சண்முகவடிவின் முதல் ரொட்டி எப்போதும் ஜெனிட்டாவுக்குத்தான். சுவருக்கு மேலே கையை நீட்டிக் கொடுப்பாள். முதல் தடவை பிள்ளைக்கு மூச்சு நின்றுபோன மாதிரி ஆனபோது, ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடியதும் அவள்தான். லோரன்ஸ் அப்போது ஸ்டோரில் இருந்தான்.

"என்னா புள்ள இது, சாமிப் பெட்டி மாதிரி?" என்றாள்.

"பொகை பாக்கிறதுக்கு அக்கா."

"பொகைய பாக்க டின்னு எதுக்கு? கண்ணு எரியிறது பத்தாதா?"

லயமே வந்து பார்த்தது. ஊதுபத்தியைக் காட்டினால் முள் துள்ளியது. பீடிக்குத் துள்ளியது. எல்லோரும் கை தட்டினார்கள். ஆனால் மறுநாள் காலை பனி வந்தது. எந்த வீட்டிலும் அடுப்பு எரியாத நேரத்தில் முள் மெல்ல மெல்ல ஏறி, தூங்கப் போகிறவன் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இஸ்தோப்பில் டின் வெள்ளைக்குள் மூழ்கியிருந்தது. ஜெனிட்டா பக்கத்தில் குந்தியிருந்து, பசுமாடு டின்னுக்குள்ளே போயிருக்கிறது என்று அறிவித்தாள்.

அவள் சொன்னது சரிதான். பனியும் பொடிப்பொடியான தண்ணீர்தானே; வெளிச்சம் அதில் பட்டாலும் சிதறும். டின்னுக்குப் பனி வேறு, புகை வேறு என்று தெரியவில்லை. லயத்தில் சிரித்தார்கள். பனிக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியாத மெசினைச் செய்ய கட்டுநாயக்க வரைக்கும் போக வேண்டியதில்லை என்று யாரோ சொன்னார்கள். கேத்ரினும் சிரித்தாள். ஆனால் அன்று முழுவதும் கொழுந்து பறிக்கும் கை ஒரு பக்கமும் யோசனை ஒரு பக்கமுமாக இருந்தாள். சாயங்காலம், கொழுந்து நிறுத்து முடித்துத் திரும்பி வந்து, ஈரச் சேலையோடு குசினி அடுப்பின் முன் நின்றபோது பதில் கிடைத்தது. சூடு பட்டால் ஈரம் போகும். புகை போகாது.

டின்னுக்கு அடியில் இன்னொரு டின் வைத்து, அதற்குள் ஒரு குண்டு பல்ப்பை எரியவிட்டாள். லயத்துக்குக் கரண்ட் வந்து அதிக காலம் ஆகவில்லை. பல்ப்பு என்பது இன்னும் கொஞ்சம் பெரிய விசயமாகத்தான் இருந்தது. பல்ப்பின் சூட்டில் காற்று தானாகவே மேலே ஏறியது. ஏறும்போதே காய்ந்தது. அடுத்த பனி வந்து படுத்தபோது கேத்ரின் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். எதிரே தேயிலை மறைந்தது, பீலி மறைந்தது, கொய்யா மரம் மறைந்தது. முள் அசையவில்லை. ஊதுபத்தியைக் கொண்டு வந்தாள். துள்ளியது.

அதன் பிறகு, ஸ்டோரின் அடுப்பு முழுவேகத்தில் எரிந்த ஒரு நாள், டின்னை இஸ்தோப்பில் வைத்தாள். புகைபோக்கி கக்கிக்கொண்டிருந்தது. லோரன்ஸ் வேலை முடிந்து பீலிக்குத் திரும்பியபோது, கழுவ வேண்டாம், அப்படியே வாருங்கள் என்று கூப்பிட்டாள்.

அவன் தயங்கித் தயங்கி வந்தான். முள் கீழேயே கிடந்தது. ஸ்டோரின் புகை உயரத்திலேயே பள்ளத்தைத் தாண்டி எதிர் மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் அவனுடைய சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி, டின்னின் வாயருகே உதறினாள். முள் ஒரு மயிரிழை அசைந்து, பழையபடி படுத்தது.

"இவ்வளவுதாங்க," என்றாள். "நீங்க கொண்டார்றது இவ்வளவுதான்."

லோரன்ஸ் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளிடம் போய், வேர்வையும் சாம்பலுமாக இருந்த கைகளாலேயே அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவளைச் சுமந்துகொண்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தான், திரும்பவும் நடந்தான். பிள்ளை அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு, போகிற வழியிலுள்ள எல்லாக் கதவுகளுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே போனாள்.

ஆனால் இழுப்பு நிற்கவில்லை. கேத்ரின் டின்னை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். தன்னுடைய அடுப்பை மூட்டியபோது முள் பாதிக்கு மேல் போனது. விறகு என்பது கவ்வாத்தில் வெட்டிக் கழித்த தேயிலைக் குச்சிகள், மிலாறு; அது பச்சை விட்டுக் காயாமல் இருக்கும். புகைதான் முதலில் வரும், நெருப்பு பிறகுதான். அன்றிலிருந்து சமைக்கும்போது பிள்ளையை இஸ்தோப்பில் வைத்தாள். அதில் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் விடியும் முன் வரும் அந்த இழுப்பு மட்டும் தப்பாமல் வந்தது.

ஒரு நாள் அந்த நேரத்தில் மகள் எழுந்து உட்கார்ந்தாள். கேத்ரின் அவளை மார்பில் சாய்த்துக்கொண்டாள். தன் அடுப்பு அணைந்து ஆறிக் கிடந்தது. டின்னின் சிவப்புப் பொட்டு தெரிந்தது. அந்த வெளிச்சத்தில், முள் மெதுவாக எழுந்து நடக்கத் தொடங்குவதைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ரொட்டி மாவைத் தட்டும் சத்தம் கேட்டது. தட், தட் என்று ஒரே சீரான சத்தம். சுவருக்கு மேலே தகரத்தை ஒட்டி, ஒரு வெள்ளைத் துணியை யாரோ நிதானமாக விரிப்பது போல, புகை இறங்கி வந்துகொண்டிருந்தது.

கேத்ரின் எழுந்து போய் முள்ளின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பல காலைகள் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்பில் போய்க் குளிரில் உட்கார்ந்தாள். குளிருக்கும் இழுத்தது. கடைசியில் லோரன்ஸ் மறுபடி உடப்புசல்லாவைப் பேச்சை எடுத்து, அண்ணனுக்குச் சொல்லியனுப்பிவிட்டதாகவும் சொன்னபோது, வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள்.

அவன் முகம் இறுகியது. இத்தனை நாள் தன்மேல் வைத்திருந்த கோபத்துக்கு இப்போது போவதற்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது. விற்பதற்காகச் சுடுகிற ரொட்டிக்குப் பிள்ளை சாக வேண்டுமா என்றான். கேத்ரின் கெஞ்சினாள். சொன்னால் அந்த அக்காவின் அடுப்பை அணைத்துவிடுவார்கள், மகளின் படிப்பு என்ன ஆகும் என்றாள். பிள்ளையை மழையில் தூக்கிக்கொண்டு ஓடியவள் யார் என்று கேட்டாள். அவன் எழுந்து வெளியே போனான். நேரே தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் செல்லசாமியிடம் போனான்.

செல்லசாமி நல்ல மனிதர்தான். அன்று மாலையே சண்முகவடிவின் வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல், பிள்ளை விசயம், கொஞ்ச நாளைக்கு அடுப்பை நிறுத்தி வை அம்மா என்றார். அவள் சரி என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் விடியலில் கேத்ரின் வழக்கம்போல விழித்தாள். மாவு தட்டும் சத்தம் இல்லை. முள் அசையாமல் கிடந்தது. ஜெனிட்டா வாயைத் திறந்தபடி, ஒரு காலை அப்பாவின் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளாக இப்படி ஒரு காலைக்காக மாதாவிடம் கேட்டிருந்தாள் கேத்ரின். அது இப்போது கிடைத்திருந்தது. அவளால் படுத்திருக்க முடியவில்லை.

பக்கத்துக் கதவு தாழ் போடாமல் இருந்தது. சண்முகவடிவு அணைந்த அடுப்புக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பழக்க தோசத்தில் எழுந்து மாவைப் பிசைந்துவிட்டிருந்தாள். மாவு ஈரத் துணியின் கீழே இருந்தது.

"புள்ள தூங்குனாளா?" என்று கேட்டாள்.

"தூங்குறா அக்கா."

"இழுப்பு?"

"வரல."

"அப்ப சரி," என்றாள் சண்முகவடிவு. "எனக்குத் தெரியாது கேத்ரின். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே நிப்பாட்டியிருப்பேன். நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாம். தலைவரு வந்து சொல்ல வேண்டியதில்ல."

கேத்ரின் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வெளியே பனி கதவு வரைக்கும் வந்து நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சண்முகவடிவு கேட்டாள்.

"அந்த டின்ன இங்க கொண்டாந்து வைக்க ஏலுமா?"

"எதுக்கு அக்கா?"

"என் பொகைய எல்லாரும் பாத்தீங்க. நான் பாக்கல."

கேத்ரின் போய், தூங்கும் பிள்ளைக்குப் போர்த்திவிட்டு, லோரன்ஸை எழுப்பினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்தின் கடைசி வீட்டில் போய் இருக்கச் சொன்னாள். அவன் பிள்ளையை அங்கே படுக்க வைத்துவிட்டு, டின்னையும் பல்ப்பின் வயரையும் தானே தூக்கிக்கொண்டு வந்தான். சண்முகவடிவின் முகத்தைப் பார்க்காமல், அவள் உட்காரும் பலகைக்குப் பக்கத்தில், அவள் தலை இருக்கும் உயரத்தில் வைத்தான்.

சண்முகவடிவு அடுப்பை மூட்டினாள். மிலாறு புகைந்தது. முள் எழுந்தது. விடியலில் கேத்ரினின் வீட்டில் நின்ற இடத்தைத் தாண்டியது, அவளுடைய சொந்த அடுப்புக்கு நின்ற இடத்தையும் தாண்டியது. கடைசி வரைக்கும் போய், அங்கிருந்த ஆணியில் இடித்து நின்றது. அடுப்பு நன்றாகப் பற்றி எரியத் தொடங்கிய பிறகும் அங்கேயே நின்றது. சண்முகவடிவு கொஞ்சம் இருமினாள். எப்போதும் இருமுகிற மாதிரிதான் இருமினாள். அவள் இருமுவதை அந்த லயத்தில் யாரும் இருமலாக எடுத்துக்கொள்வதில்லை.

"இது திரும்பி வராதா?" என்றாள்.

"அடுப்பு அணைஞ்சா வரும்."

"ஒங்க வீட்டுல எம்புட்டு தூரம் வந்திச்சி?"

கேத்ரின் விரலால் காட்டினாள். பாதிக்கும் கீழே ஒரு இடம். சண்முகவடிவு அந்த இடத்தையும் முள் நிற்கும் இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தப் பலகையில் உட்கார்ந்தவள் அவள்.

"அப்ப அங்க வந்தது என் மிச்சந்தானே," என்றாள்.

லோரன்ஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கண் இப்போது முள்ளின் மேல் இல்லை. அடுப்பைப் பார்த்தான், அடுப்புக்குப் பின்னால் கறுத்துப் பளபளத்த சுவரைப் பார்த்தான், மேலே தகரத்தைப் பார்த்தான். வாழ்நாளெல்லாம் நெருப்புக்குக் காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்துப் பிழைத்தவன்.

"பொகை போறதுக்கு வழியே இல்ல அக்கா," என்றான். "ஸ்டோருல இப்படி அடுப்பு கட்டியிருந்தா நாங்க எல்லாம் எப்பவோ செத்திருப்போம்." பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் தலைவருகிட்ட போயிருக்கக் கூடாது."

"புள்ளைக்காகத்தானே போன," என்றாள் சண்முகவடிவு. மாவின் மேலிருந்த துணியை எடுத்து மடித்தாள்.

கூரையில் ஓட்டை போட ஆபீசில் அனுமதி கிடைக்கவில்லை. தகரம் தோட்டத்துச் சொத்து. ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்று தோட்ட அதிகாரி கண்டாக்கையா சொன்னார். செல்லசாமி இரண்டு தடவை போய்ப் பேசிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை போகும்போது வேறு விதமாகக் கேட்டார். லயத்துக்குப் பின்னால், மரக்கறி போடும் துண்டு நிலத்தில், கோழிக்கூடு ஒன்று கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். கோழிக்கூட்டுக்குத் தடையில்லை.

அப்படிக் கட்டப்பட்ட கோழிக்கூடு ஆள் நிற்கும் உயரத்தில் இருந்தது. தார் பீப்பாவைத் தட்டி நிமிர்த்திய தகரம் மூன்று பக்கம். கீழே பள்ளத்தைப் பார்த்த பக்கம் திறந்தபடி. உள்ளே இரண்டு அடுப்பு, ஒன்று சண்முகவடிவுக்கு, ஒன்று கேத்ரினுக்கு. ஸ்டோரில் கழித்துப் போட்ட பழைய குழாய் ஒன்றை அங்கே பொறுப்பாக இருந்த டீமேக்கரிடம் கேட்டு வாங்கி வந்து, இரண்டு அடுப்புக்கும் சேர்த்துப் புகைபோக்கி வைத்தான் லோரன்ஸ். வேலை விட்டு வந்து, மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சேறும் சுண்ணாம்புமாகக் குழைத்துப் பூசினான். முதல் தடவை புகை திரும்பி உள்ளேயே வந்தது. குழாயை இன்னும் உயர்த்தினான். அடுத்த வாரம் காற்று அதைத் தள்ளிவிட்டது. கம்பி போட்டு இழுத்துக் கட்டினான். லயத்துப் பெண்கள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்தார்கள். எங்களுக்கும் ஒரு கோழிக்கூடு கட்ட வேண்டும் என்று இரண்டு பேர் தலைவரிடம் கேட்டு வைத்திருந்தார்கள்.

உடப்புசல்லாவைக்கு ஆள் போய், பிள்ளை இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தது. குளிர் கூடிய நாட்களில் ஜெனிட்டாவுக்கு இன்னும் இழுத்தது. ஆனால் ஆவி பிடிக்கப் போகும்படி ஆகவில்லை. சண்முகவடிவையும் கேத்ரின் விடாமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், எவ்வளவு காலமாகச் சுருட்டுக் குடிக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவளுக்கும் ஊதி இழுக்கிற மருந்து கொடுத்தார்கள்.

புதிய அடுப்பில் அவள் முதன்முதலாக வேலை தொடங்கிய நாள் பனியில்லாத நாள். வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. கேத்ரின் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தபோது, கல்லில் ரொட்டி கருகும் வாசம் வந்தது. சண்முகவடிவின் கையில் ஒருநாளும் ரொட்டி கருகியதில்லை. பயந்து போய் ஓடி வந்து பார்த்தாள்.

சண்முகவடிவு பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் தட்டிய மாவு, இன்னொரு கை முழங்காலில். புகை குழாய் வழியாக நேராக ஏறிப் போய்க்கொண்டிருந்தது. திறந்த பக்கத்துக்கு அப்பால், பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மலைகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கறுப்பிலிருந்து நீலத்துக்கு வந்துகொண்டிருந்தன. கடைசி மலையின் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. அது அகன்று, மஞ்சளாகி, தேயிலை வரிசைகளின் மேல் வழிந்து, ஓடைத் தண்ணீரைத் தொட்டு, இவர்கள் இருந்த பக்கமாக ஏறி வந்தது.

"அக்கா, ரொட்டி கருகுது."

சண்முகவடிவு திரும்பவில்லை.

"எந்நாளும் இதுக்கு முன்னாடியே எந்திரிச்சவ நான்," என்றாள். "விடியிறத ஒரு நாளும் பாத்ததில்ல, கேத்ரின்."

கேத்ரின் கருகிய ரொட்டியைக் கல்லிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். அடுப்பிலிருந்து ஒரு மிலாற்றை வெளியே இழுத்து நெருப்பைக் குறைத்தாள். பலகையின் ஓரத்தில் சண்முகவடிவு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். முச்சந்திக்குப் போகும் முதல் பஸ் மேலே வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.